குழாயில் கட்டிய கம்பி

போன மாதம் நம் தெருக்காரர்களின் கைபேசிக் குழுவில் ஒருவர் ஒரு படம் போட்டிருந்தார். நெய்வேலியில் இடிக்கப்போகிற க்வார்ட்டர்ஸ் ஒன்றின் பின்பக்கம். கதவு, ஜன்னல் எல்லாம் கழற்றியாகிவிட்டது. சுவரோடு ஒட்டி இறங்கும் அந்தக் கம்பி மட்டும் அப்படியே இருந்தது. கம்பி போய் முடிகிற சிமெண்டுத் தொட்டியும் இருந்தது. எர்த்துக் குழி. அடியில் கரியும் உப்பும் கொட்டி, நடுவில் ஒரு குழாயை இறக்கி வைத்திருப்பார்கள். கோடையில் வாரம் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவது நம் வேலை.

ஆளாளுக்கு எழுதினீர்கள். ஊற்றாமலே ஊற்றிவிட்டேன் என்று சொல்லி அடி வாங்கியதை ஒருவர் எழுதினார். அங்கே ஒன்றுக்கு இருந்தால் கரண்ட் மேலே ஏறிவிடும் என்று அண்ணன் மிரட்டியதை இன்னொருவர் எழுதினார். நான் ஒன்றும் எழுதவில்லை. சொல்ல இருந்தது. ஆனால் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்த இடத்தில் அதைக் கொண்டுபோய் வைக்க மனம் வரவில்லை. நமக்கெல்லாம் நாற்பது தாண்டிவிட்டது. இனியும் வைத்துக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை என்று இங்கே எழுதுகிறேன்.

அப்பா சுரங்கத்தில் கன்வேயர் பிரிவில் ஃபிட்டர். அவருடையது இரும்பு வேலை. ஆனால் தெருவில் யார் வீட்டில் ஃபேன் நின்றாலும், இஸ்திரிப் பெட்டி சூடாகாவிட்டாலும் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். கரண்ட் வேலை தெரிந்தவர் என்று ஒரு பெயர் அவருக்கு இருந்தது. காசு வாங்க மாட்டார். அந்தப் பெயர்தான் அவருக்கு வேண்டும்.

எங்கள் வீட்டுத் தோட்டத்தில், மதிலோரமாக, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு கொட்டகை இருந்தது. சைக்கிளும் சாமான்களும் வைப்பதற்காக அப்பா போட்டது. நான் நான்காம் வகுப்புக்குப் போன வருடம், தொண்ணூறுகளின் தொடக்கம், அதில் ஒரு குடும்பம் குடிவந்தது. சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கிற ஓர் அண்ணன், அவர் மனைவி, ஒன்றரை வயதில் ஒரு பெண் குழந்தை. ஊரை ஒட்டிய மந்தாரக்குப்பத்தில் வாடகை கொடுத்து மாளாமல் வந்தவர்கள். கொட்டகையில் இருக்கலாம், அதற்குப் பதிலாக அந்த அக்கா எங்கள் வீட்டுப் பாத்திரம் துலக்கி, துணி துவைத்துத் தர வேண்டும். அண்ணனைப் பெர்மனென்ட் ஆக்க யாரிடமோ ஒரு வார்த்தை சொல்வதாக அப்பா சொல்லியிருந்தார். கொட்டகை அக்கா என்றுதான் அவரை நான் சொல்வேன். நேரில் வெறும் அக்கா.

க்வார்ட்டர்ஸில் இப்படி ஆள் வைத்துக்கொள்ளக் கூடாது. மெயின்டனன்ஸ் ஆட்கள் கண்ணில் பட்டால் அப்பாவுக்கு மெமோ வரும். அதனால் பின்பக்கம் என்ன வேலை என்றாலும் வெளி ஆளைக் கூப்பிடுவதில்லை. எல்லாம் அப்பா கையால்தான்.

அந்த வருடம்தான் வீட்டுக்குக் கிரைண்டர் வந்தது. ஆளுயரத்தில் பாதி இருக்கும், குழவி சுற்றும்போது தெருமுனை வரை கேட்கும். சத்தம் தாங்காது என்று அதைப் பின் வராந்தாவில் வைத்தார்கள். அதிலிருந்து வந்த மூன்று வயர்களில் இரண்டுதான் மின்சாரத்துக்கு. மூன்றாவது, பச்சை வயர், எர்த்துக்கு. மெஷினில் எங்காவது கரண்ட் கசிந்தால் அது நம் உடம்பைத் தேடாமல் மண்ணுக்குள் இறங்கிப் போவதற்கான வழி. முறையாக அந்த வயரைப் பத்தடி தள்ளி இருக்கும் எர்த்துக் குழிக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்குச் சுவரைக் கொத்த வேண்டும். கொத்தினால் பார்க்கிறவன் கேட்பான். அப்பா அதை வராந்தாவுக்கு வெளியே இருந்த தோட்டத்துக் குழாயில், இரும்பைச் சுரண்டிப் பளபளப்பாக்கி, இறுக்கிச் சுற்றிவிட்டார். குழாயும் பூமிக்குள்தானே போகிறது என்றார். அப்போது அது சரியாகத்தான் இருந்தது.

கிறிஸ்துமஸுக்குப் பிறகு அந்தக் குழாய் மண்ணுக்கடியில் ஒழுக ஆரம்பித்தது. அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை தோண்டி, துருப்பிடித்த துண்டை வெட்டி எடுத்துவிட்டு, நடுவில் பிளாஸ்டிக் குழாய் போட்டு ஒட்டினார். இனி ஆயுசுக்கும் துருப்பிடிக்காது என்று சொல்லிக் கையைக் கழுவினார். பச்சை வயர் பழையபடி மேலே தெரிகிற இரும்பில் சுற்றியிருந்தது. அந்த இரும்புக்கும் பூமிக்கும் நடுவில் இப்போது பிளாஸ்டிக் வந்துவிட்டது என்று யாருக்கும் தோன்றவில்லை. அப்பாவுக்கும் தோன்றவில்லை.

அது தவக்காலம், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நோன்பு நாட்கள். முந்திரி பூத்து, காற்றடிக்கும்போதெல்லாம் தெரு முழுவதும் ஒரு இனிப்பு வாடை வரும். எனக்கு அந்த ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். தினமும் பள்ளி விட்டதும் கோயிலில் சிஸ்டரிடம் மந்திரம் படிக்கப் போவேன். வீட்டில் அம்மா வெள்ளிக்கிழமைகளில் கறி சமைக்க மாட்டார். தவக்காலம் முழுவதுமே இனிப்பைத் தொட மாட்டார்.

கொட்டகை அக்கா முதலில் அம்மாவிடம்தான் சொன்னார். கொழாயத் தொட்டா சுர்ருனு இழுக்குதுங்க என்று. அம்மா கேட்டுவிட்டுக் காலைக் குளிரில் கை மரத்துப்போயிருக்கும் என்றார். அடுத்த வாரமும் அவர் சொன்னபோது அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. அம்மா கிரைண்டர் பக்கத்தில் மணைப் பலகை போட்டு, அதன்மேல் உட்கார்ந்துதான் மாவு ஆட்டுவார். கிரைண்டரை எத்தனை தடவை தொட்டாலும் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, அக்காவின் தம்பி திருவதிகையிலிருந்து ஒரு நாட்டுக்கோழி கொண்டுவந்திருந்தார். பள்ளி விட்டு வந்த எனக்குக் குழம்பு வாசனை மூக்கைத் துளைத்தது. அக்கா கூப்பிட்டார். கொட்டகையில் உட்கார்ந்து இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். நல்ல சாப்பாடு. இன்று நினைத்தாலும் அந்த மிளகுக் காரம் தொண்டையில் நிற்கிறது.

மறுநாள் சனிக்கிழமை காலை. உள்ளே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. விளையாடிவிட்டு வந்து, வெறுங்காலோடு ஈரத்தில் நின்று, கால் கழுவக் குழாயைத் திருகினேன். முழங்கைக்குள்ளிருந்து யாரோ சுத்தியலால் அடித்ததுபோல் இருந்தது. கை தானாக உதறிக்கொண்டது. நான் பின்பக்கமாக விழுந்தேன். அக்கா பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து என்னைத் தூக்கிப் படியில் உட்காரவைத்தார். புடவைத் தலைப்பால் கையைத் துடைத்து, அரக்கித் தேய்த்துக்கொண்டே இருந்தார். 

"பாத்தியா பாப்பா. எனக்கும் இப்டிதான். நான் பொய் சொல்லல."

சற்று நேரத்தில் அம்மா கிரைண்டரை நிறுத்தி, மாவை வழித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனார். எனக்கு என்ன தோன்றியதோ, போய் ஒரு விரலின் பின்பக்கத்தால் குழாயைத் தொட்டேன். ஒன்றுமில்லை. வராந்தாவுக்குள் போய் சுவிட்சைப் போட்டுவிட்டு வந்து தொட்டேன். சுரீர் என்றது. நிறுத்தினேன்; இல்லை. போட்டேன், இருந்தது. அக்காவும் ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். கணக்குப் போட்டு விடை வந்ததுபோல் இரண்டு பேரும் சிரித்தோம். மெஷின் ஓடுகிறபோதுதான் அடிக்கிறது. அதைக் கண்டுபிடித்தது நாங்கள் இருவரும் சேர்ந்து. நாளைக்கு அண்ணனும் வீட்டில் இருப்பார், சாரிடம் சொல்லிவிடலாம் என்றார் அக்கா.

அன்று சாயங்காலம் அவர் அம்மாவிடம் வெள்ளந்தியாக ஒன்று சொன்னார். பாப்பா நேற்று நம் வீட்டில் கோழிக் குழம்பு ரொம்ப ஆசையாகச் சாப்பிட்டது என்று. அவர்களுக்குத் தவக்காலமும் தெரியாது, வெள்ளிக்கிழமையும் தெரியாது. என்னைப் பாராட்டித்தான் சொன்னார். அம்மா அவர் போகிற வரை சிரித்த முகமாக இருந்துவிட்டு, கதவைச் சாத்தி என்னை விசிறிக் காம்பால் விளாசினார். புதுநன்மை வாங்கப்போகிற பிள்ளையா நீ என்று கேட்டுக் கேட்டு அடித்தார். எனக்கு அம்மாமேல் கோபம் வரவில்லை. அக்காமேல் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்பா ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடித்து வந்து, ஷூவைக்கூடக் கழற்றவில்லை. அக்காவும் அண்ணனும் வராந்தாப் படிக்குக் கீழே வந்து நின்றார்கள். அண்ணன் விருப்பமில்லாமல் வந்தவர்போல் இரண்டடி பின்னால் நின்றார். அக்கா தான் கண்டதை ஒழுங்காகச் சொன்னார். மாவு மெஷின் ஓடும்போது மட்டும்தான் அடிக்கிறது என்பது உட்பட. வேலிக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மாமி கொடியில் போட்ட துணியையே மறுபடி எடுத்து உதறிக்கொண்டிருந்தார். அப்பா அதைக் கவனித்தார்.

"எர்த்து கட்டியிருக்கேன்மா. எர்த்து இருந்தா ஷாக் அடிக்காது. அதுக்குத்தான் எர்த்தே."

சொல்லிவிட்டு அவரே கிரைண்டரைப் போட்டார். வெளியே போய்க் குழாயை ஐந்து விரலாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் பார்த்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. காலில் சுரங்கத்து ஷூ, தடித்த ரப்பர் அடி போட்டது. எங்க அடிக்குது என்று கேட்டார்.

அக்கா அப்பாவின் கையைப் பார்த்தார். பிறகு காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எனக்கு மட்டும் இல்லீங்க சார். நேத்து பாப்பாவுக்கும் அடிச்சுது. பாப்பாவையே கேளுங்க."

நான் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நின்றிருந்தேன். எல்லோரும் திரும்பினார்கள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அப்பா சாதாரணமாகத்தான் கேட்டார், அடிச்சுதாம்மா என்று. மிரட்டவில்லை. கண்ணைக் காட்டவில்லை.

"இல்லப்பா" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று எத்தனையோ விதமாக எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அப்பாவுக்கு மெமோ வந்துவிடுமோ என்ற பயம் என்று கொஞ்ச காலம் சொல்லிக்கொண்டேன். மாமி பார்க்கும்போது அப்பா தோற்கக் கூடாது என்று நினைத்ததாகக் கொஞ்ச காலம். அவையெல்லாம் இருந்திருக்கலாம். ஆனால் அந்த வார்த்தை வாயிலிருந்து வந்தபோது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். முந்தைய நாள் வாங்கிய அடி இன்னும் தொடையில் எரிந்துகொண்டிருந்தது. இவர்தானே மாட்டிவிட்டார், இப்போது இவர் மாட்டிக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். சொன்ன அடுத்த நொடியே உள்ளே ஏதோ இனித்தது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

 அக்கா, இன்னொரு தடவை கேளுங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. அண்ணன்தான் முன்னால் வந்து, தப்பா நெனச்சிக்காதீங்க சார், புள்ளய வச்சிக்கினு ஒடம்பு முடியாம ஏதோ பேசுது என்றார். அக்காவை உள்ளே போகச் சொல்லித் தலையாட்டினார். அக்கா போனார். அம்மா, பாத்திரம் துலக்கச் சோம்பேறித்தனம், அதற்கு ஒரு கதை, அதில் என் பெண்ணையும் இழுக்கிறாள் என்று மாமியிடம் வேலியோரம் நின்று சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். பூட்ஸ் போட்டுக்கொண்டு பாத்திரம் துலக்கிய ஒரு பெண். சுரங்கத்தில் சேற்றில் இறங்குகிறவர்களுக்குக் கொடுக்கிற, முழங்கால் வரை வருகிற கறுப்பு ரப்பர் பூட்ஸ், அண்ணனுடையது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அளவு பொருந்தாத அந்த பூட்ஸில் தத்தித் தத்தி நடந்து வந்து குழாயடியில் குந்துவார். அப்பாவின் ஷூவைப் பார்த்த பார்வையில் அவர் புரிந்துகொண்டது அது. அப்பாவுக்குப் புரியாதது. அண்ணன் ஷிஃப்டுக்குப் போகும்போது பூட்ஸும் போய்விடும். அதனால் அவர் திரும்பி வருகிற வரை பாத்திரம் அப்படியே கிடக்கும். கேட்டால், அவரு வந்துடட்டும்மா என்பார். திமிர் ஏறிவிட்டது என்றார் அம்மா.

தெருப் பிள்ளைகள் வேலி ஓட்டை வழியாகப் பார்த்துச் சிரிப்பார்கள். பூட்ஸ் அக்கா என்று பெயர் வைத்தார்கள். தத்தித் தத்தி நடந்து காட்டுவார்கள். நீங்களும் சிரித்தீர்கள், உங்களுக்கு எதற்கென்று தெரியாது. எனக்குத் தெரியும். நானும் உங்களோடு நின்று சிரித்தேன். நடந்தும் காட்டினேன்.

இன்னொன்றும் செய்தார். குழந்தை அப்போதுதான் ஓட ஆரம்பித்திருந்தது. தண்ணீரைக் கண்டால் விடாது. கிரைண்டர் சத்தம் கேட்டதும் அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய், பழைய புடவைத் துணியால் இடுப்பில் கட்டி, மறுமுனையைக் கொட்டகைக் காலில் முடிந்துவிடுவார். குழந்தை துணியை இழுத்துக்கொண்டு, குழாயைப் பார்த்துக் கையை நீட்டிக் கதறும். தெருவே திட்டியது. நாய்க்குட்டியா அது, கட்டிப்போட என்று அம்மா ஒருநாள் இறங்கிப் போய் அவரே முடிச்சை அவிழ்த்துவிட்டார். உள்ளே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, சத்தம் நிற்கும் வரை அசையாமல் நின்றார். அம்மா கெட்டவர் இல்லை. ஒரு குழந்தைக்கு இரங்கித்தான் இறங்கிப் போனார்.

ஈஸ்டர் முடிந்தது. புதுநன்மைக்கு முந்தின வெள்ளிக்கிழமை செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கிற முதல் பாவசங்கீர்த்தனத்துக்கு எங்களை வரிசையில் நிறுத்தினார்கள். நான் பட்டியல் வைத்திருந்தேன். தவக்கால வெள்ளியில் கறி சாப்பிட்டதை விவரமாகச் சொன்னேன். கடைசியில், பொய் சொன்னேன் சாமி என்றேன். எத்தனை தடவை என்று சாமியார் கேட்டார். ஒரு தடவை என்றேன். அவர் பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. மூன்று முறை அருள் நிறைந்த மரியே மந்திரம் சொல்லச் சொன்னார். முட்டி போட்டுச் சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே வந்தபோது மற்ற பிள்ளைகள் எல்லாம் மனசு லேசாக இருக்கிறது என்றார்கள். எனக்கும் இருக்கிறது என்றேன். பாவசங்கீர்த்தனம் முடித்து நான் சொன்ன முதல் பொய் அது.

மறுநாள் சனிக்கிழமை உறவினர்கள் வந்து இறங்கினார்கள். விருந்துக்காகக் காலையிலிருந்தே கிரைண்டர் நிற்காமல் ஓடியது. அண்ணன் ஷிஃப்டுக்குப் போயிருந்தார். குழாயடியில் பாத்திரம் மலைபோல் குவிந்திருக்க, அக்கா கொட்டகை வாசலில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விருந்தாளிகள் முன்னால் சத்தம் போட முடியாமல் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

கடலூரிலிருந்து அத்தை வந்தார். அப்பாவுக்கு அக்கா, பள்ளிக்கூட டீச்சர். பஸ்ஸில் வந்த புழுதியைக் கழுவிக்கொண்டு உள்ளே வருகிறேன் என்று செருப்பை வாசலில் விட்டுவிட்டு, வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனார். நான் புதுக் கவுனை அவருக்குக் காட்டுவதற்காகப் பின்னாலேயே போனேன். வராந்தாவைத் தாண்டும்போது கிரைண்டர் ஓடுவது காதில் விழுந்தது. அத்தை ஈரத்தில் இறங்கிக் குழாய்க்குக் கை நீட்டுவதைப் பார்த்தேன். நானே விழுந்த இடம் அது. என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். வாய் வரவில்லை.

அவர் கை குழாயோடு ஒட்டிக்கொண்டது. தொண்டையிலிருந்து ஒரே மாதிரியான சத்தம் வந்துகொண்டே இருந்தது. கூட வந்த அத்தை வீட்டு மாமா அவரை இழுக்க ஓடினார்.

"தொடாதீங்க" என்று கத்திக்கொண்டு கொட்டகை அக்கா எழுந்தார். குழந்தையைத் தரையில் விட்டுவிட்டு, வெறுங்காலோடு எல்லோரையும் தள்ளிக்கொண்டு வராந்தாவுக்குள் பாய்ந்து சுவிட்சை அணைத்தார். குழவிச் சத்தம் நின்றது. அத்தை குழாயை விட்டுச் சரிந்து விழுந்தார்.

உயிர் இருந்தது. உள்ளங்கை வெந்திருந்தது, தோள் இறங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அனல்மின் நிலையத்தில் எலக்ட்ரிகல் பிரிவில் வேலை பார்த்த பக்கத்து வீட்டு மாமா சத்தம் கேட்டு வந்தார். குழாயைச் சுற்றிப் பார்த்தார், வயரைப் பார்த்தார், மண்ணைக் காலால் நோண்டிப் பிளாஸ்டிக்கைப் பார்த்தார். இரண்டு நிமிடம்தான். மெஷினில் கசிவது எல்லாம் இந்த இரும்பில் வந்து நிற்கிறது, கீழே இறங்க வழியில்லை, யார் வந்து தொடுவார்கள் என்று காத்துக்கொண்டு நிற்கிறது என்று சொன்னார்.  அப்பாவின் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

இரண்டு மாதமாக ஒருத்தி சொன்னதை நம்பாத வீடு, பட்டுப் புடவையில் ஒருத்தர் விழுந்ததும் ஒரே நொடியில் நம்பியது. யாரையும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை.

அம்மாதான் கேட்டார். படபடப்பில் கேட்டார், பழி போடவேண்டும் என்று இல்லை.

"ஓடிப்போய் மெஷின அமத்துறியேம்மா. அப்ப ஒனக்குத் தெரிஞ்சிருக்கு. வாயத் தொறந்து சொல்ல வேணாமா?"

அக்கா குழந்தையைத் தூக்கி அதன் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சொன்னேங்கம்மா" என்றார்.

அவ்வளவுதான். என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அழுதிருப்பேன், அழுதிருந்தால் எல்லாம் வெளியே வந்திருக்கும். அவர் பார்க்காமல் இருந்தது எனக்காகவா, பார்க்கத் தகுதியில்லை என்றா, தெரியவில்லை. நான் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பக்கத்து வீட்டு மாமா அன்றே பச்சை வயரைச் சுவரோரமாக எர்த்துக் குழி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துக் கொடுத்தார். அரை மணி நேர வேலை. போகும்போது அப்பாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். ஆஸ்பத்திரியில் கேட்பார்கள், எப்படி என்று விசாரிக்க ஆள் வரலாம், கொட்டகையைக் காலி பண்ணிவிடுவது நல்லது.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளைக் கவுன், முக்காடு, கையில் மெழுகுதிரியோடு நான் புறப்பட்டபோது அக்கா குழாயடியில் இருந்தார். வெறுங்கால். சாம்பல் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். சாமி மாரியே இருக்க பாப்பா என்றார். மனசாரத்தான் சொன்னார். கோயிலில் நான் வாங்கிய நன்மை அப்பம் மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கரையவே இல்லை. கடிக்கக் கூடாது என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். அப்படியே நின்றேன்.

செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டு வந்தபோது கொட்டகை இல்லை. கூரைத் தகடுகளை மதிலில் சாய்த்து வைத்திருந்தார்கள். எங்கே போனார்கள் என்று நான் கேட்கவில்லை. அண்ணனுக்காகச் சொல்ல வேண்டிய அந்த வார்த்தையை அப்பா யாரிடமும் சொன்னதாகவும் தெரியவில்லை.

அப்பா அதற்குப் பிறகு யார் வீட்டு ஃபேனையும் தொடவில்லை. கூப்பிட்டால், எனக்குத் தெரியாதுப்பா என்பார். ரிட்டயர் ஆகி வடலூர் சாலையில் வீடு கட்டியபோது, எர்த்துக்குக் குழி தோண்டுகிற அன்று வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தோண்டுகிற ஆள், ஆழம் போதும் என்று சொன்ன பிறகும் இன்னும் ஓரடி தோண்டச் சொன்னார். எனக்கு அப்போது கல்யாணமாகி ஒரு குழந்தை இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, பதினைந்து வருடத்துக்கும் மேலாகச் சேர்த்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"அப்பா, அன்னைக்கு எனக்கும் ஷாக் அடிச்சுது."

அவர் குழியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும்மா. கையப் பின்னால மறைச்சிக்கிட்டுதான சொன்ன."

 என் ஒரு வார்த்தையை நம்பித்தான் அவர் ஏமாந்தார் என்று அத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு அந்தப் பொய் தேவைப்பட்டது, தெரிந்தே எடுத்துக்கொண்டார். பெற்றவருக்கும் பெண்ணுக்கும் நடுவில் பங்கு போட்டாலும் அந்தப் பாவம் குறையவில்லை.

அப்பா இறந்த மறுவருடம் பண்ருட்டியில் ஒரு கல்யாணம். திருவதிகை அங்கிருந்து கூப்பிடு தூரம். அக்காவின் தம்பி அந்த ஊர் என்பது மட்டும் நினைவிருந்தது. பந்தியில் உட்காராமல் ஆட்டோ பிடித்துப் போனேன். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். கோயில் பக்கத்தில் ஒரு டீக்கடை. கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். தொண்ணூறுகளில் நெய்வேலியில் காண்ட்ராக்ட் வேலை பார்த்தவர், அவர் மனைவி இந்த ஊர், ஒரு பெண் குழந்தை, ஒரு தம்பி என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன்.

"இந்த ஊர்ல பாதிப் பேரு சுரங்கத்துக்குப் போனவங்கதாங்க. பேரச் சொல்லுங்க, ஆளக் காட்டிடுறேன்."

நான் வாயைத் திறந்தேன். நான் அக்கா என்பேன். அம்மா இந்தாம்மா என்பார். அப்பா ஏம்மா என்பார். அண்ணன் அவரை என்ன சொல்லிக் கூப்பிட்டார் என்று நான் காது கொடுத்ததில்லை. எட்டு மாதம் எங்கள் பாத்திரத்தைத் துலக்கியவர். என் புதுநன்மை அழைப்பிதழை வாங்கி, எழுத்துக் கூட்டி என் பெயரை வாசித்து, நல்ல பேரு பாப்பா என்று சொன்னவர்.

கடைக்காரர் காத்திருந்தார். பிறகு, ஞாபகம் வரலீங்களா, பரவால்ல, ஒக்காந்து நெதானமா யோசிங்க என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். ஒரு டீயும் கொண்டுவந்து வைத்தார்.

உட்கார்ந்தேன். டீ ஆறுகிற வரைக்கும், பெயர் நாக்கு நுனியில் இருக்கிறவள்போல் நெற்றியைத் தடவிக்கொண்டு, யோசிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன்.